பதிமூன்று நாளில் ஒரு வருஷம்

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் சொல்லுவான் என்று காத்திருந்தால் அது நடக்காது. எழுபத்தொரு வயதில் இதுகூடத் தெரியாமல் இருந்தால் எப்படி?

அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்து மலையில் வெள்ளையாக ஓர் உருண்டைக் கூரை தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிலையம் அல்ல அது. ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன தொலைநோக்கி நிலையம். அந்தக் கூரை கட்டின நாளிலிருந்து சுற்றாமல் நின்றுபோயிருந்தது. சுற்ற வைத்தவன் நான். ஆம்பூரில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து பதினாறு உருளைகளைக் கடைந்து, ஒன்றொன்றாக மலைக்குத் தூக்கிப்போய்ப் பொருத்தினேன். தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கீழே இறக்கிக் கழுவ வெளியூரிலிருந்து பாரந்தூக்கி இயந்திரம் வரவேண்டும் என்றார்கள். தோல் பதம் செய்கிற பழைய ட்ரம்மின் பல்சக்கரத்தை வைத்து அதை நானே செய்தேன். கண்ணாடி நாற்பது அங்குலம். ஒரு முறைகூட ஒரு கீறல் விழவில்லை. கருவி அறைக்கு மூன்று அடுக்குக் கதவு என் யோசனை. மலைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் என் வேலை. ஜீப் போகிற பாதையில் இரண்டாவது வளைவு என்னைக் கேட்டுத்தான் வெட்டினார்கள்.

படிப்பு? ஆறாம் வகுப்பு. அதுவும் பரீட்சை எழுதவில்லை.

இப்போது நிலையத்தில் இருக்கும் புது இஞ்சினியர்கள் போன மாதம் போன் செய்தார்கள். சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். "சூரியனுக்கு அப்பால், மனிதன் வாழக்கூடிய கோள்களைத் தேடுவது வேண்டிய வேலையா, வீண் வேலையா?" என்பது தலைப்பு. பழைய ஆட்களும் எழுத வேண்டுமாம். கூடவே நிலைய வரலாறு என்று ஒரு பக்கம் அடித்து அனுப்பியிருந்தார்கள், சரிபார்க்கச் சொல்லி. அதில் ஒரே ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. அந்த வரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதம் செய்கிற தொழிற்சாலையில் வளர்ந்தவன். பதினான்கு வயதில் ஊறல் தொட்டி, பதினேழில் ட்ரம், இருபதில் ஷேவிங் மிஷின். ஷேவிங் என்றால் தோலின் உள்பக்கத்தைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது. உருளை முழுக்கச் சுருள் சுருளாகக் கத்தி இருக்கும். அது ஒரு மயிரிழை இறங்கினால் தோல் கிழியும், ஒரு மயிரிழை ஏறினால் தோல் கனமாகி மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அந்தக் கத்தியைக் கருவி இல்லாமல் விரல் நுனியால் வைப்பவன் அப்போது பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை நான் ஒருவன்தான். மேல்விஷாரம் சலீம் பாய் என் தோஸ்த். தோல் வாங்கி விற்பவர். நாக்கு நீளம், மனசு தங்கம். "கன்னியப்பா, உன் விரலை வெட்டி ஏலம் வுட்டா நான் எடுத்துப்பேன்" என்பார்.

அந்த விரலைத் தேடித்தான் வசந்தா மேடம் ஒரு நாள் ஷாப்புக்கு வந்தார். மலை நிலையத்துக்கு அவர்தான் தலைவர். நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. எங்கள் ஷாப்பு வாசனைக்கு மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்த முதல் படித்த ஆள் அவர். நான் கத்தி வைப்பதை அரை மணி நேரம் நின்றபடி பார்த்தார். பிறகு கேட்டார்: "இது எவ்ளோ கனம்னு உங்களுக்குத் தெரியுமா, தோணுதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அளந்து பாருங்கம்மா" என்றேன். பையிலிருந்து ஓர் அளவுக் கருவியை எடுத்து அளந்தே பார்த்தார். நான் சொன்ன கனம்தான். ஒரு வாரத்தில் நான் மலையில் இருந்தேன்.

மேடத்தைப் பற்றி எழுத ஒரு புத்தகம் வேண்டும். திட்ட மாட்டார். ஏதாவது கெட்டுப்போனால் "யார் செஞ்சது?" என்று கேட்கவே மாட்டார். "கடைசியா எப்போ சரியா இருந்துச்சு?" என்பதுதான் கேள்வி. அதிலிருந்து நாள் நாளாக முன்னால் வருவார். அரை மணியில் கெட்ட இடம் கிடைத்துவிடும். ஒருவன் வேலை செய்துகொண்டு நின்றால் அவரும் நிற்பார், உட்கார மாட்டார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் "மேஸ்திரி" என்பார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகு டாக்டர் பட்டம் வாங்கினவர்களும் என்னை மேஸ்திரி என்றே அழைத்தார்கள். நானும் அதற்கேற்ற மாதிரிக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். ஏன் நிமிர்த்தக் கூடாது?

மலையில் கோள் தேடும் வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. தொலைநோக்கியில் பார்த்தால் கோள் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாதாம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அது மறைந்துபோகும். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பிரகாஷைக் கேட்டேன். மேடத்தின் கீழ் ஆராய்ச்சி செய்ய வந்தவர் அவர், திருச்சிப் பக்கம், முப்பது வயதுக்குள். பலகையில் எழுதி எழுதிக் காட்டினார். எனக்கு ஏறவில்லை. கடைசியில் நானே சொன்னேன்:

"சார், ட்ரம் சுத்தறப்போ உள்ள தோலெல்லாம் ஒரு பக்கமா சேந்துட்டா ட்ரம்மே ஆடும். கதவைத் தொறக்காம, வெளிய நின்னே சொல்லிடுவோம், உள்ள எவ்ளோ வெயிட்டு எந்தப் பக்கம் கீதுன்னு. அது மாதிரியா?"

பிரகாஷ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான் மேஸ்திரி. நட்சத்திரம்தான் ட்ரம். கோள்தான் உள்ள இருக்கிற தோல். நட்சத்திரம் ஆடுறதை வெச்சு கோள் இருக்குன்னு சொல்றோம்."

அதற்குப் பிறகு பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ட்ரம் கதையைத்தான் சொன்னார். என்னுடையது என்று ஒரு முறை சொன்னார், மற்ற முறை மறந்துவிட்டார்.

அந்த ஆட்டத்தை அளக்கிற கருவி ஒரு பெட்டிக்குள் இருந்தது. கருவி என்ன, தொட்டாற்சிணுங்கி. சூடு ஆகாது, ஈரம் ஆகாது, அதிர்வு ஆகாது. நட்சத்திர வெளிச்சம் ஒரு மெல்லிய கண்ணாடி இழை வழியாகப் பெட்டிக்கு வரும். இழையின் நுனியை ஒரு பித்தளைக் குழல் பிடித்துக்கொண்டிருக்கும். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்கு உண்டு. அதன் வெளிச்சம் வேறு வழியாக உள்ளே வரும். இந்த இரண்டு வழியையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக் குழலுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது, கூரை சுற்றும்போது வரும் அதிர்வை வாங்கிக்கொள்ள. ஒரு மார்கழியில் அது வெடித்துவிட்டது. புது ரப்பர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மூன்று மாதமாகும் என்றார்கள். வானம் தெளிவாக இருக்கும் காலமே தை முதல் சித்திரை வரைக்கும்தான். பிரகாஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் குறி வைத்திருந்தது ஒரே ஒரு மங்கிய சிவப்பு நட்சத்திரம். அதை விட்டால் அடுத்த தைக்குத்தான்.

"இதுக்குப் போயா?" என்றேன். மறுநாள் சலீம் பாயிடம் போனேன். ஆவாரம்பட்டை போட்டுப் பதம் செய்த ஆட்டுத்தோலில் முதுகுப் பாகத்தை நானே பொறுக்கி எடுத்தேன். ஷேவிங் மிஷினில் கத்தியை நானே வைத்து, மேலும் கீழும் ஒரே கனமாகச் சீவி, இரண்டு வளையம் வெட்டினேன். பொருத்திப் பார்த்தோம். கூரை சுற்றியது, குழல் அசையவில்லை. அதிர்வைத் தோல் முழுங்கிவிட்டது.

மேடம் குனிந்து பார்த்தார். "மேஸ்திரி, தோல் சுருங்குமே?"

"என் கையில சுருங்காது மேடம்."

"தெரியுமா, தோணுதா?"

"தெரியும்" என்றேன்.

தெரியாது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டை போட்ட தோல் ஈரம் குடிக்கும், காய்ந்தால் இறுகும். இது ஊறல் தொட்டியில் நிற்கும் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் செருப்புக்கும் பைக்கும் கணக்கில் வராத சுருக்கம் இதற்கு மட்டும் வந்துவிடுமா என்று இருந்தேன். மயிரிழையை விரலால் அளப்பவன் என்ற திமிர்.

இன்னொரு விஷயம். பெட்டிக்குள் ஈரம் சேராமல் இருக்க ஒரு தட்டில் நீல மணிகள் வைப்போம். ஈரத்தைக் குடித்துக் குடித்து அவை ரோஸ் நிறமாகிவிடும். அப்போது எடுத்துவிட்டு வேறு நீல மணிகளை வைக்க வேண்டும். எடுத்ததை அடுப்பில் வறுத்தால் மறுபடி நீலமாகும். மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு, அதை வகுத்தவன் நான். செருப்பை வெளியே விட வேண்டும். தலைக்குத் துணித் தொப்பி. முதல் கதவைச் சாத்திவிட்டு நூறு எண்ண வேண்டும். இரண்டாவது கதவு, இன்னொரு நூறு. மூன்றாவது கதவு. பெட்டியின் மூடியைத் திறக்கும்போது மூச்சை அடக்க வேண்டும், மனிதன் மூச்சிலும் ஈரம் இருக்கிறது. தட்டை உருவு, புதுத் தட்டைச் செருகு, மூடு. மொத்தம் நாற்பது நொடி. அதற்கு மேல் மூடி திறந்திருந்தால் நானே என்னை மன்னிக்க மாட்டேன்.

மேடம் ஒவ்வொரு முறையும் தேதி எழுதி வைக்கச் சொன்னார். "மனசுல கீது மேடம்" என்று தட்டிக் கழித்துவிடுவேன். எழுதுவது எனக்குச் சங்கடம். என் எழுத்தைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டால்?

மலையில் எனக்குப் பதினொரு நாள் வேலை, இரண்டு நாள் வீடு. வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் மணிகளை மாற்றிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவேன், ரோஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும். நான் இல்லாத இரண்டு நாளில் வேறு எவனும் அந்தப் பெட்டியில் கை வைக்கக் கூடாது.

தை போய், மாசி போய், பங்குனி வந்தது. ஒரு காலையில் பிரகாஷ் சமையலறைக்கு ஓடி வந்தார். நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவ விடாமல் இழுத்துக்கொண்டு போனார். சுவரில் நட்சத்திரத்தின் ஆட்டத்தைக் கோடாக வரைந்த ஒரு நீளத் தாள். கோடு மெதுவாக ஏறி ஏறிப் போய், சட்டென்று விழுந்தது. மறுபடி மெதுவாக ஏறியது, சட்டென்று விழுந்தது. ஆறு தடவை.

"ஆடுது மேஸ்திரி. நம்ம நட்சத்திரம் ஆடுது! பதிமூணு நாளைக்கு ஒரு தரம். கோள் அதைச் சுத்தி வர்றதுக்குப் பதிமூணு நாள்."

"ஏன் சார் சட்டுனு விழுது?"

"நீளவாக்குல சுத்துது. தூரமா போறப்போ மெதுவா போகும், கிட்ட வந்தா வேகமா திரும்பிடும்."

"அங்க மனுசன் இருக்க முடியுமா?"

பிரகாஷின் கண் கலங்கியிருந்தது. "சூடும் ஜாஸ்தி இல்ல, குளிரும் ஜாஸ்தி இல்ல. தண்ணி தண்ணியாவே நிக்கிற தூரம். உலகத்துக்கு எழுதிச் சொல்றதுக்கு முன்ன இன்னும் ஒரே ஒரு சுத்து பாக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க."

நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? அடுத்த லீவில் ஆம்பூர் முழுக்க நான்தான் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பழைய ஷாப்பில் சொன்னேன். "என் தோலு இல்லன்னா இந்தக் கிரகமே கிடையாது" என்று சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

சலீம் பாய் விடவில்லை. "அங்க தண்ணி கீதாமே? அப்போ ஒரு ஷாப்பு போட்டுடலாம் தோஸ்த். பொல்யூஷன் ஆபீஸ்காரன் அவ்ளோ தூரம் ஜீப்ல வரமாட்டான்."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. துத்திப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்து, தோல் ஷாப்புக் கழிவில் கிணறு உப்பாகிப்போய் விற்றவர். "பாலாத்துல கீற தண்ணிய ஒழிச்சுட்டு மேல போய் தண்ணி தேடறீங்களேப்பா. இதுக்கு ஒரு மேடம், ஒரு ஜீப்பு" என்றார். டீக்குக் காசை வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி தேவகி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் இருந்தாள். அன்று ஞாயிறு. வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் கிரகத்தைப் பற்றி முழுசாகச் சொன்னேன். பதிமூன்று நாளில் அங்கே ஒரு வருஷம் முடிந்துவிடும் என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "பதிமூணு நாளா? நீ வூட்டுக்கு வர்ற கணக்காட்டம் கீது. அங்கயும் எவளோ ஒருத்தி உனக்காக மொச்ச உரிச்சுனு உக்காந்து கீறாளா இன்னா?"

நான் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாய்யா, மூஞ்சி ஏன் இப்டி போவுது?"

சுவரில் ஓர் அரிசி மண்டிக் காலண்டர் தொங்கியது. நான் வரும் நாளைத் தேவகி வட்டம் போட்டு வைப்பாள், அன்றைக்குக் கறி எடுக்க. தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் புரட்டினேன். பதிமூன்று, பதிமூன்று, பதிமூன்று. பிரகாஷின் கோடு விழுந்த தேதிகள் எனக்கு மனப்பாடம், ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அல்லவா? ஒவ்வொரு தேதியும் ஒரு வட்டத்தை ஒட்டி இருந்தது. நான் மணிகளை மாற்றுகிறேன், பெட்டி காய்கிறது, தோல் சட்டென்று இறுகுகிறது. பிறகு பதிமூன்று நாள் மெதுவாக ஈரம் குடித்து உப்புகிறது. பித்தளைக் குழல் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்கிறது. விளக்கு வருகிற வழியில் தோல் இல்லை, அதனால் விளக்கு சரியாகக் காட்டுகிறது. நட்சத்திரம் மட்டும் ஆடுகிறது.

கிரகம் இல்லை. என் லீவுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

தேவகியிடம் சொன்னேன். மொச்சையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். காலண்டரில் தான் போட்ட வட்டங்களை விரலால் எண்ணினாள். "அந்தப் பையன் திருச்சிக்காரன், பாவம், அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லாம வுட்டா?"

அதுதான் கேள்வி. பஸ்ஸில் போகும்போது அதையேதான் யோசித்தேன். மாதனூரில் இறங்கி ஒடுகத்தூர் வண்டி வருகிறவரை அதையேதான் யோசித்தேன். ரப்பர் வந்து சேர்ந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் தோலை எடுத்துவிட்டு ரப்பரை வைத்துவிடலாம். கிரகம் தானாகக் காணாமல் போகும். நான் மேஸ்திரியாகவே இருப்பேன். ஆனால் அதற்குள் பிரகாஷ் உலகத்துக்கு எழுதிவிட்டால்? வேறு நாட்டில் ஒருவன் தேடிப் பார்த்து இல்லை என்பான். அந்தப் பிள்ளை பொய்யன் ஆவான், மேடம் பெயர் கெடும். சொன்னால் என் பெயர் கெடும். முப்பது வருஷம் விரலால் சம்பாதித்த பெயர்.

தோல் ஷாப்பு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. கிணறு கெட்டால் எல்லோரும் பக்கத்து ஷாப்பின் வாய்க்காலைக் காட்டுவார்கள். "இது என் தொட்டித் தண்ணி" என்று ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நான் நின்ற தொட்டியின் தண்ணீரும் எங்கேயோதான் போயிற்று.

காலண்டரைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தேன். நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். பிரகாஷும் அங்கேதான் இருந்தார். மேசையில் காலண்டரை விரித்தேன். லட்சுமி படம் போட்ட காலண்டர், அங்கங்கே மஞ்சள் கறை. பக்கத்தில் பிரகாஷின் தாள்.

"இன்னா மேஸ்திரி இது?" பிரகாஷுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் பொண்டாட்டி போட்ட வட்டம் சார். நான் மணி மாத்துற நாளு." விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "தோலு சுருங்குது மேடம். அன்னிக்குத் தெரியும்னு சொன்னேன். தெரியாது."

பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேடம் வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தார். இரண்டு தாளிலும் தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

"இது தோல்தான்னு உங்களுக்கு இப்போ தெரியுமா, தோணுதா?"

"தோணுது மேடம்."

"சரி. தெரிஞ்சுக்கலாம்." பென்சிலை எடுத்தார். "தோலை எடுக்க வேண்டாம். நாளையிலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தரம் மணி மாத்துங்க. அப்படி நாலு தரம். உண்மையான கோளா இருந்தா நம்மளைக் கேக்காது, பதிமூணு நாள்லதான் வரும். அஞ்சு நாள்ல வந்துட்டா அது உங்களோடது."

இருபது நாள் மலையை விட்டு இறங்கக் கூடாது. மலையில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் போன் எடுக்கும். தேவகி முதல் வாரம் திட்டினாள், இரண்டாவது வாரம் "இன்னாச்சு, கிரகம் கீதா, போச்சா?" என்று கேட்டாள். கீழே ஊரில் எங்கள் கிரகத்துக்கு என்ன ஆயிற்று என்று சலீம் பாய் டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தாராம். நான் ஐந்து நாளைக்கு ஒரு தரம் செருப்பை விட்டு, நூறு எண்ணி, இன்னொரு நூறு எண்ணி, மூச்சை அடக்கி மணிகளை மாற்றினேன். முதல்முறையாக வாசலில் ஓர் அட்டை கட்டி என் கையெழுத்தில் தேதி எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இருபது நாளும் கிரகம் இருந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். என் மானத்துக்காக மட்டும் அல்ல. பிரகாஷ் தினமும் காலையில் புதுப் புள்ளியை வைக்கும்போது பென்சிலை எவ்வளவு மெதுவாக இறக்குவார் என்று பார்த்திருந்தால் நீங்களும் வேண்டியிருப்பீர்கள்.

இருபத்தோராம் நாள் காலை. கோடு ஐந்து நாள் ஏறி விழுந்தது. ஐந்து நாள் ஏறி விழுந்தது. கூப்பிட்ட குரலுக்கு வந்தது.

பிரகாஷ் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மடித்தார். பிறகு சிரித்தார், அழுகையும் கூடவே வந்தது. "மேஸ்திரி, நீங்க லீவை மாத்தினா ஒரு உலகமே தன் வருஷத்தை மாத்திக்குது. இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாம போச்சே."

"மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்கு? எழுதி அனுப்பினதுக்கப்புறம் சொல்லியிருந்தா மன்னிக்க மாட்டேன்."

மேடம் ஒன்றுதான் கேட்டார்: "தெரியுமா, தோணுதான்னு இன்னிக்குக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"தெரியும் மேடம்" என்றேன்.

தோலை எடுத்தோம். ரப்பரையும் நான் வைக்கவிடவில்லை. பித்தளையில் மெல்லிய தகடாக ஒரு வில் செய்தேன், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அந்த நட்சத்திரத்தை அடுத்த தையில் மறுபடி பார்த்தார்கள். கோடு தரை மாதிரி மட்டமாக இருந்தது. பிரகாஷுக்கு ஒரு வருஷம் போயிற்று. அந்த நட்சத்திரத்தைச் சுற்றி இன்ன கனத்துக்கு மேல் கோள் எதுவும் இல்லை என்று எழுதித்தான் டாக்டர் ஆனார். இல்லை என்று எழுதியும் டாக்டர் ஆகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மேடம் ஓய்வு பெற்றுப் போனார். நானும் வந்துவிட்டேன். கருவி அறைக்குள் முதல் கதவைச் சாத்தியதும் ஓர் அமைதி வரும் பாருங்கள், நூறு எண்ணும்போது. அதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. இப்போதும் வீட்டில் கதவைச் சாத்தினால் வாய் தானாக எண்ணத் தொடங்குகிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேண்டிய வேலையா, வீண் வேலையா?

டீக்கடைப் பெரியவருக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இன்றைக்குச் சொல்கிறேன், அவர் இல்லாவிட்டாலும். அந்தக் கோளுக்கு நாம் போகப் போவதில்லை. அங்கே தண்ணீர் இருந்தாலும் ஒரு குடம் கொண்டுவர முடியாது. பாலாற்றுக்கு அது ஈடும் ஆகாது. ஆனால் மலையில் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கண்டாலும் "இது நம்ம கைவேலையா?" என்று முதலில் கேட்கும் பழக்கம். இருபது நாள் காத்திருந்து, ஆசைப்பட்டதைத் தாங்களே பொய்யாக்கிப் பார்க்கும் பழக்கம். இவ்வளவு தூரத்தில் இருப்பதைத் தேடினால்தான் அந்தப் பழக்கம் வரும், பக்கத்தில் இருப்பதில் நாம் பொய் சொல்லித் தப்பித்துவிடுகிறோம். அந்தப் பழக்கம் மலையிலிருந்து இறங்கி எங்கள் ஷாப்புகளுக்கு வந்திருந்தால் அந்தப் பெரியவர் நிலத்தை விற்றிருக்க மாட்டார். ஆகவே வேண்டிய வேலைதான். நிறுத்தாதீர்கள். தோணுவதைச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த ஒரு வரி.

நீங்கள் அனுப்பிய வரலாற்றில் இப்படி இருக்கிறது: "ஆரம்ப காலத்தில் கருவியில் ஏற்பட்ட ஒரு குறைபாடு கண்டறியப்பட்டு, சரி செய்யப்பட்டது."

யாரால் ஏற்பட்டது? யாரால் கண்டறியப்பட்டது? குறைபாடு மழை மாதிரி தானாகப் பெய்ததா? போன வருஷம் வேறொரு நட்சத்திரத்தில் ஒரு கோள் இருக்கலாம் என்று கண்டிருக்கிறீர்கள், பெரிய படம் போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். என் பித்தளை வில் அதிலும் இருக்கிறது. அதற்கு என் பெயரைப் போடாவிட்டால் சண்டைக்கு வரமாட்டேன், அதில் இருபது பேர் உழைப்பு. ஆனால் இல்லாத அந்தக் கோள் என்னுடையது. அதை உண்டாக்கினவன் நான், இல்லை என்று மலையேறி வந்து சொன்னவனும் நான். அந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

"பித்தளைக் குழலுக்கு அடியில் தோல் வைத்தது மேஸ்திரி கன்னியப்பன். அந்தத் தோல்தான் கோளாகத் தெரிந்தது என்று சொன்னதும் அவரே. நாள் கணக்கு பொருந்துவதை முதலில் கண்டது அவர் மனைவி தேவகி."

கௌரவப் பட்டியலில் இடமில்லை என்றால் தவறுகள் என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே போடுங்கள். எனக்குச் சம்மதம். ஆனால் பெயரோடு போடுங்கள்.